கோர்ட்டை விட்டு வந்த பிறகு: விற்பனை வேலையா, பயிற்சி வகுப்பா?

கேள்வி: எனக்கு 25 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 13 வயதிலிருந்து 21 வரை பூப்பந்து ஆடினேன். அதில் ஐந்து வருடம் மாநில அணிப் பயிற்சி. எம்எஸ்எஸ்எம் பள்ளிப் போட்டி, மாநிலங்கள் மோதும் சுக்மா இரண்டுக்கும் போயிருக்கிறேன். முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்ததோடு எல்லாம் முடிந்தது. போலிடெக்னிக்கில் வணிக டிப்ளோமா எடுத்தேன். இப்போது ஒரு மண்டபத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வழி தெரிகிறது. பெட்டாலிங் ஜெயாவில் மருத்துவக் கருவி விற்கும் கம்பெனியில் விற்பனை வேலை, அடிப்படைச் சம்பளம் 2,500 ரிங்கிட், கமிஷன் தனி. இரண்டாவது, சொந்தக்கார அக்கா ஒருவர் காப்புறுதி முகவராகச் சேரச் சொல்கிறார். மூன்றாவது, அம்மாவுக்கு இந்த வருடம் 55 வயது. சேமநிதியிலிருந்து 40,000 ரிங்கிட் எடுத்துத் தருகிறேன், சொந்தமாக அகாடமி ஆரம்பி என்கிறார். முன்பு ஒரு இண்டர்வியூவில் பூப்பந்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்துவிட்டார்கள். அத்தனை வருடமும் வீண்தானா? என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். விற்பனை வேலையை எடுங்கள். பயிற்சி வகுப்பைச் சனி, ஞாயிறு காலையில் மட்டும், இரண்டு கோர்ட்டில், வாடகைக்கு நடத்துங்கள். அம்மாவின் சேமநிதியில் கை வைக்காதீர்கள். அக்காவிடம், இப்போதைக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

இனி அந்தச் சிரிப்பு. உங்கள் ரெஸ்யூமைப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தின் அடியில் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் சமையல், பயணம், பூப்பந்து என்று வரிசையாக இருக்கிறது. மாநில ஆட்டக்காரர் என்பது அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல். வாரம் 18 மணி நேரம் செய்த வேலையைச் சமையலுக்குப் பக்கத்தில் வைத்தால், படிப்பவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அந்தப் பகுதியை முதல் பக்கத்துக்கு, 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோங்கள். அணியின் பெயர், ஆண்டுகள், பொறுப்பு என்று வேலையை எழுதுவது போலவே எழுதுங்கள். கணக்கும் போடுங்கள்: வாரம் 6 நாள், நாளுக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 864 மணி நேரம், ஐந்து ஆண்டில் 4,320. பள்ளிப் படிப்பும் எஸ்பிஎம் தேர்வும் இந்தக் காலத்துக்குள்தான் நடந்தன என்பதை அதே வரியில் சேருங்கள். நேரத்தை நிர்வகிக்கத் தெரியும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

பதக்கங்களுக்கு ஒரே வரி போதும். விற்பனை மேலாளருக்கு சுக்மா அரையிறுதிக்கும் காலிறுதிக்கும் வித்தியாசம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். உங்களிடம் அதைவிட விலையுள்ள பொருள் ஒன்று இருக்கிறது: பயிற்சிக் குறிப்பேடு. மாநிலப் பயிற்சியில் இருந்த பலர் தினமும் எழுதி வைத்திருப்பார்கள். என்ன பயிற்சி, எத்தனை முறை, எங்கே தவறியது, பயிற்றுநர் என்ன சொன்னார், மறுவாரம் என்ன மாறியது. அது இன்னும் வீட்டில் இருந்தால் தேடி எடுத்து, ஒரு பக்கத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் காட்டலாம். வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வந்ததும் குறிப்பு எழுதும் விற்பனையாளர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பினாங்கு மாநில விளையாட்டு மன்றத்திடம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்தப் பிரிவில் ஆடினீர்கள் என்று ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். பரிந்துரைப்பவராகப் பயிற்றுநரின் பெயரைக் கொடுப்பதானால், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், போன் வந்ததும் உங்கள் 'பேக்ஹேண்ட்' நன்றாக இருக்கும் என்று சொல்லிவைப்பார்.

இண்டர்வியூவில் 'விளையாட்டு எனக்கு ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது' என்று ஆரம்பிக்காதீர்கள். விளையாடிய எல்லாரும் சொல்வது அது, யார் காதிலும் ஏறாது. ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்து ஒன்றரை நிமிடத்தில் சொல்லுங்கள். நீங்கள் ஆடிய 21 புள்ளி முறையில், ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் 60 நொடி இடைவேளை. பயிற்றுநர் பக்கத்தில் வந்து இரண்டு விஷயம் சொல்வார், அதற்குமேல் சொல்ல நேரமும் இல்லை. 5-11 என்று பின்தங்கியிருந்து, அந்த ஒரு நிமிடத்தில் எதைக் கேட்டு எதை மாற்றினீர்கள், பிறகு புள்ளி எப்படிப் போனது என்று சொல்லுங்கள். கடைசியில் தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையில் அதுவே நல்லது. அதன் பிறகு ஒரு வாக்கியம்: மாத இலக்கை 30ஆம் தேதி பார்க்காமல் 15ஆம் தேதியே பார்த்து, அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்வேன். விளையாட்டுக்கும் அந்த வேலைக்கும் இதைவிட நேரான தொடர்பை நீங்கள் காட்ட முடியாது.

பொதுவாக எல்லாரும் காட்டும் ஆதாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஒய் என்ற கணக்காய்வு நிறுவனமும், பெண்கள் விளையாட்டுக்கான ஊடகமான இஎஸ்பிஎன்டபிள்யூவும் 2014இல் 400 பெண் நிர்வாகிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், மிக உயர்ந்த பதவிகளில் இருந்தவர்களில் 94 விழுக்காட்டினர் விளையாடியவர்கள் என்று வந்தது. ஊக்கப் பேச்சாளர்களுக்கு அந்த எண் சர்க்கரைப் பொங்கல். ஆனால் அது ஏற்கெனவே மேலே போனவர்களிடம் மட்டும் கேட்ட கேள்வி. விளையாடிவிட்டு மணிக்கணக்குச் சம்பளத்தில் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைக்கு ராக்கெட்டும் பயிற்சிக் கட்டணமும் கொடுக்க முடிந்த வீட்டில் நல்ல படிப்பும் தொடர்புகளும் இருப்பதுண்டு, அதையும் கழிக்க வேண்டும். எனவே அந்த எண்ணை இண்டர்வியூவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டை உங்களுக்கு ஆறுதலாகக் காட்டுவதும் எளிது, உங்கள் ஊர்க்காரர். எட்டு முறை உலக வெற்றியாளர், 2006இலிருந்து 2015 வரை ஒன்பது ஆண்டு உலகின் முதல் இடம், 2019இல் ஓய்வு, பிறகு பிள்ளைகளுக்கு ஸ்குவாஷோடு ஆங்கிலமும் கற்பிக்கும் அமைப்பு. அங்கே பெயரே மூலதனம். மாநில அளவில் நின்றவருக்கு டாக்டர் மணி ஜெகதீசனின் பாதைதான் பாடம். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வாங்கியவர், ஓடிக்கொண்டே மருத்துவமும் படித்தார். பிறகு மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதாரத் துறையின் துணைத் தலைமை இயக்குநராகவும் இருந்தார். தங்கம் அவரை மருத்துவர் ஆக்கவில்லை. இரண்டாவது தொழிலை அவர் தனியாகக் கட்டினார்.

வேலைக்குச் சேர்ந்தபின் எங்கே தடுக்கும் என்பதுதான் முக்கியம். ஆடியவர்கள் விற்பனையில் சறுக்குவது பெரும்பாலும் சோம்பலால் இல்லை, பழக்கத்தால்.

முதல் பழக்கம், வலியை மறைப்பது. முட்டியில் சுருக்கென்று இழுத்தாலும் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று வாயைத் திறக்க மாட்டோம். அதையே அலுவலகத்தில் செய்வார்கள். ஜனவரியில் ஒரு மருத்துவமனை கைவிட்டுப் போயிருக்கும், 'இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று பட்டியலில் வைத்திருப்பார்கள். பிப்ரவரியில் இன்னொன்று. மார்ச் கடைசியில் மேலாளர் தன் மேலதிகாரிக்குக் கொடுத்த எண்ணிக்கை மொத்தமாகச் சரியும். இலக்கை எட்டாததற்கு மன்னிப்பு உண்டு, கடைசி வாரத்தில் சொன்னதற்கு இல்லை. ஒரு வியாபாரம் போய்விட்டது என்று தெரிந்த அன்றே மேலாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: எது போனது, ஏன், அதற்குப் பதில் எதைப் பிடிக்கப் போகிறேன்.

இரண்டாவது, கடிகாரம். ஒரு பூப்பந்து ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஜெயித்தோமா தோற்றோமா என்று பலகையே சொல்லும். மருத்துவமனைக்குக் கருவி விற்பதில் முதல் சந்திப்புக்கும் ஆர்டருக்கும் இடையே பல மாதம் போகும். மருத்துவர் பிடித்திருக்கிறது என்பார், கொள்முதல் பிரிவு பழைய ஒப்பந்தம் முடியட்டும் என்பார்கள், அரசு மருத்துவமனை என்றால் இ-பெரோலெஹான் என்ற அரசின் இணையக் கொள்முதல் முறை வழியாக வர வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஆடியவர்கள் சோர்ந்து போகிறார்கள். பலகை இல்லாத இடத்தில் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு எக்செல் தாள் போதும். தேதி, மருத்துவமனை, யாரைப் பார்த்தேன், இப்போது எந்தக் கருவி பயன்படுத்துகிறார்கள், அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்த வேலை என்ன, எந்தத் தேதியில். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிசை எதுவும் இருக்கக்கூடாது. முதல் மூன்று மாதம் ரிங்கிட்டை எண்ணாதீர்கள், வாரத்துக்கு எத்தனை புது ஆளைச் சந்தித்தீர்கள், எத்தனை பேரிடம் இரண்டாம் முறை போனீர்கள் என்று எண்ணுங்கள்.

மற்றபடி, நேற்றுப் பட்டம் வாங்கிய 22 வயதுக்காரரோடு சேர்ந்து கடைசி இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும், பழகிவிடும்.

வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கமிஷன் எதன் மேல்? இன்வாய்ஸ் போட்டதும் கணக்கா, பணம் வந்த பிறகா? பணம் வந்த பிறகுதான் என்றால், வாங்கியவர் பணம் கட்டத் தாமதிக்கும்போது உங்கள் கமிஷனும் காத்திருக்கும். வேலையை விட்டுப் போனால் வர வேண்டிய கமிஷன் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கமிஷனுக்கும் சேமநிதி கட்ட வேண்டும், பயணப் படிக்கு வேண்டியதில்லை. எனவே கமிஷனைப் படி என்ற பெயரில் தருகிறோம் என்று யாராவது சொன்னால், உங்கள் சேமநிதிதான் குறைகிறது. 2,500 ரிங்கிட்டுக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு 275, முதலாளி பங்கு 13 விழுக்காடு 325, மாதம் 600 ரிங்கிட் உங்கள் கணக்கில் ஏறும். விற்கப்போகும் கருவிகள் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி பதிவானவையா என்றும் கேளுங்கள். பதிவில்லாத பொருளோடு மருத்துவமனைக்குப் போனால் உங்கள் பெயர்தான் கெடும். இந்தக் கேள்வியைக் கேட்டாலே, படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை ஆனால் கேட்க வேண்டியது: எந்த வட்டாரம்? தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில் இருப்பதால் அங்கேதான் குடியேற வேண்டும் என்றில்லை. பினாங்குத் தீவில் தனியார் மருத்துவமனைகள் நெருக்கமாக இருக்கின்றன, வெளிநாட்டு நோயாளிகளும் வருகிறார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் பினாங்கு, கெடா, பெர்லிஸ் வட்டாரத்தைத் தர முடியுமா என்று கேளுங்கள். கிடைத்தால் வீட்டு வாடகை மிச்சம், வார இறுதி வகுப்பும் நடக்கும். பெட்ரோல், டோல் யார் கட்டுவது என்பதை மட்டும் கடிதத்தில் பாருங்கள்.

அக்கா சொல்லும் காப்புறுதி கெட்ட தொழில் இல்லை. ஆனால் முகவர் என்பவர் சம்பள ஊழியர் இல்லை. அடிப்படைச் சம்பளம் கிடையாது, முதலாளி பங்குச் சேமநிதி கிடையாது. முகவராக முதலில் பிசிஇ தேர்வு, முதலீட்டோடு சேர்ந்த திட்டங்களை விற்க சைலி தேர்வு எழுத வேண்டும். ஆடியவர்களைத் தேடி வந்து சேர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: அவர்களிடம் பெரிய அறிமுக வட்டம் உண்டு. பழைய அணிக்காரர்கள், அவர்களின் பெற்றோர், பயிற்றுநர்கள். அந்தப் பட்டியல் சில மாதத்தில் தீர்ந்துவிடும். அதன்பிறகு முன்பின் தெரியாதவரிடம் போய் உட்காரத் தெரிய வேண்டும். அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ள மருத்துவக் கருவி வேலை நல்ல இடம். அக்காவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் குழுவில் சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இனி அகாடமி. உங்கள் மண்டபத்து வாடகை உங்களுக்குத் தெரியும், நாங்கள் ஒரு மாதிரிக் கணக்கு மட்டும் தருகிறோம், எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கோர்ட், சனியும் ஞாயிறும் இரண்டிரண்டு மணி நேரம், நான்கு வாரம். மொத்தம் 32 கோர்ட் மணி நேரம், மணிக்கு 20 ரிங்கிட் என்றால் 640. இறகுப் பந்து மாதம் 10 குழாய், குழாய் 70 என்றால் 700. உதவிக்கு ஒருவர், 16 மணி நேரம், மணிக்கு 25 என்றால் 400. ஆக 1,740. பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட் வாங்கினால், 12 பிள்ளைகள் வரும்வரை கைக்காசு. 12 பேர் என்றால் மிச்சம் 60 ரிங்கிட், உங்கள் உழைப்புக்கு. 16 பேர் வந்தால் 660.

இதில் ஓட்டை போடுவது பந்து. ஒரு குழாயில் 12. புதுப் பந்தை எடுத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாகப் போட்டுக்கொடுத்தால் ஒரு வகுப்பிலேயே மூன்று குழாய் போய்விடும். புதுப் பந்து ஆட்டத்துக்கு மட்டும், அதில் அடிபட்டது போட்டுக்கொடுக்க, இறகு ஒடிந்தது சர்வீஸ் பயிற்சிக்கு என்று மூன்று கூடை வையுங்கள். அடுத்த ஓட்டை கட்டணம். மாதக் கடைசியில் வாங்கினால் இரண்டு பேர் தராமலே நின்றுவிடுவார்கள். முதல் வாரத்திலேயே வாங்குங்கள், வராத நாளுக்குக் கழிவு இல்லை என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை மாதங்களில் பிள்ளைகள் குறைவார்கள், அந்த மாதங்களுக்கு ஒரே கோர்ட் எடுங்கள். இந்த நெகிழ்வு வாடகைக்கு எடுக்கும்போதுதான் உண்டு. அம்மாவின் 40,000ஐப் போட்டுச் சொந்த இடம் பிடித்தால் டிசம்பரிலும் அதே வாடகைதான்.

அந்த 40,000க்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் காட்டுங்கள். 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 2,520 ரிங்கிட், அவர் ஒன்றும் செய்யாமலே வரும். அகாடமி அதைவிட அதிகமாகத் தந்தால்தான் எடுத்ததில் அர்த்தம் இருக்கிறது, தோற்றால் முதலும் போகும். 12 மாதம் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்தால், பிறகு வகுப்பை விரிவாக்க, சிறு வியாபாரக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குனில், இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி திட்டத்தின் கீழ் கடன் கேட்கலாம். அங்கேயும் முதலில் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

வகுப்பு சிறியதாக இருந்தாலும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஆரம்பித்த 30 நாளுக்குள் வணிகப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யுங்கள், வணிகப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரிலேயே என்றால் 30. தேசியப் பயிற்றுநர் சான்றிதழில் விளையாட்டு அறிவியல் முதல் நிலையும் பூப்பந்துக்கான முதல் நிலையும் முடித்துக்கொள்ளுங்கள், மாநில அணியில் ஆடியது அதற்கு ஈடாகாது. பிள்ளைகளோடு கோர்ட்டில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அந்த 400 ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். வருமான வரிக்கு, வியாபார வருமானம் வந்துவிட்டால் சம்பளக்காரர்களின் பிஇ பாரம் இல்லை, பி பாரம், கெடு ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வார இறுதி வகுப்பு நடத்துவதற்குக் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெளி வருமானத்துக்குத் தடை போடும் வரி பல வேலைக் கடிதங்களில் இருக்கிறது.

கடைசியாக முட்டி. 'ஏன் ஆட்டத்தை நிறுத்தினீர்கள்?' என்று நிச்சயம் கேட்பார்கள். சோகக் கதையாக்க வேண்டாம், சமாளிக்கவும் வேண்டாம். எந்த ஆண்டு கிழிந்தது, அறுவை செய்தீர்களா, இப்போது நீண்ட தூரம் கார் ஓட்ட முடிகிறதா, எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்று நேராகச் சொல்லுங்கள். செயல்விளக்கக் கருவிகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குள் நடக்க வேண்டிய வேலை இது, அவர்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் இந்த வாரமே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். எடை தூக்குவதில் வரம்பு இருந்தால் அதையும் அதில் எழுதச் சொல்லுங்கள், கருவியின் எடை எவ்வளவு என்று கம்பெனியிடம் நீங்களே கேட்டுவிடலாம்.